இரவல் சலுகையில் எழுந்த தீவு

முதலீட்டை ஈர்க்க என்ன வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் இரண்டு: வரியைக் குறையுங்கள், நிலத்தைக் கொடுங்கள். மொரீஷியஸ் தீவும் இந்த இரண்டையும் கொடுத்தது, தாராளமாகவே கொடுத்தது. அதே காலத்தில் அதே சலுகைகளை அறிவித்த ஏழை நாடுகள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே நிற்க, இந்தத் தீவு மட்டும் ஒரு தலைமுறைக்குள் வறுமையிலிருந்து வெளியே வந்தது. இன்று அங்கே தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல்.

இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. நான் முதன்மையாகக் கருதுவது ஒன்று. மொரீஷியஸை வளர்த்த வாய்ப்புகள் எல்லாம் மற்றவர்கள் கொடுத்தவை. சர்க்கரைக்கு ஐரோப்பா விலை கொடுத்தது. ஆடைக்கு உலக வர்த்தக ஒப்பந்தம் இடம் கொடுத்தது. நிதித் தொழிலுக்கு இந்தியா வழிவிட்டது. கொடுத்தவர்கள் ஒருநாள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதை அந்நாட்டை ஆண்டவர்கள் உணர்ந்திருந்தார்கள். சலுகை கையில் இருந்த காலத்திலேயே அடுத்த தொழிலுக்குப் பணத்தையும் ஆட்களையும் தயார் செய்தார்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பழக்கம் தளர்ந்து வருகிறது. அதனால்தான் அந்தத் தீவின் கதையை இப்போது முழுதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் 2,040 சதுர கிலோமீட்டர் பரப்பு. மக்கள்தொகை ஏறத்தாழ 12.5 லட்சம். எண்ணெய் வளம் கிடையாது, கனிமம் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படியான உள்நாட்டுச் சந்தையும் கிடையாது. 1960இன் தொடக்கத்தில் அலிக்ஸ், கேரல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து வீடுகளையும் கரும்பையும் சாய்த்துவிட்டுப் போயின. ஏற்றுமதி வருவாயில் 90 விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை. மலேரியா ஒழிக்கப்பட்டதால் இறப்பு விகிதம் சட்டென்று குறைந்து, மக்கள்தொகை வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில் காலனி அரசு அழைத்து வந்த பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் 1961இல் கொடுத்த அறிக்கை கவலை மிகுந்தது. வேலைக்கு வருவோரின் எண்ணிக்கை வேலைகளை விழுங்கிவிடும் என்று அவர் அஞ்சினார். மீட் சாதாரண ஆள் அல்ல. 1977இல் நோபல் பரிசு பெற்றவர். ஆள்பலம் அதிகம் தேவைப்படும் தொழில்களை வளர்க்க வேண்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அறிக்கையின் அந்தப் பாதியைத்தான் தீவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

விடுதலை பிறந்ததும் நல்ல சகுனத்தோடு அல்ல. 1967 ஆகஸ்ட் தேர்தலில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் விடுதலையை எதிர்த்த கட்சியின் பக்கம் நின்றார்கள். 1968 ஜனவரியில் போர்ட் லூயிஸில் இனக்கலவரம் மூண்டு பிரிட்டிஷ் துருப்புகள் இறக்கப்பட்டன. இரண்டே மாதங்களில், மார்ச் 12 அன்று நாடு விடுதலை அடைந்தது. கரும்புத் தோட்டங்களும் ஆலைகளும் பிரெஞ்சு வழிவந்த சில குடும்பங்களிடம்; ஆட்சியோ அந்தத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளிடம். தோட்டங்களைப் பறித்து நாட்டுடைமையாக்கியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் அதைச் செய்யவில்லை. சொத்தை உடையவர்களிடமே விட்டுவிட்டு, சர்க்கரை ஏற்றுமதிக்கு வரி போட்டார். அந்த வரிப்பணம் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் போயிற்று. விடுதலை பெற்ற நாளிலிருந்து 1982 வரை நிதியமைச்சராக இருந்து அந்தக் கணக்கைப் பார்த்தவர் தமிழ் வம்சாவளியினரான வீராசாமி ரிங்காடு. பிற்காலத்தில் அந்நாடு குடியரசானபோது முதல் குடியரசுத் தலைவரும் அவரே. விடுதலையை எதிர்த்து நின்ற கட்சியின் தலைவர் கேத்தன் டுவாலை 1969இல் அமைச்சரவைக்குள் கொண்டுவந்து வெளியுறவுத் துறையையும் கொடுத்தார் ராம்கூலம். தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளையும் முதலீட்டாளர்களையும் அழைப்பதே டுவாலின் வேலையாயிற்று.

தொழிற்கொள்கையின் கரு ஓர் ஆசிரியரிடமிருந்து வந்தது. சீன வம்சாவளியினரான வேதிப்பொறியியல் பேராசிரியர் எடுவார் லிம் ஃபாட், தைவான், புவெர்ட்டோ ரிக்கோ போன்ற தீவுகள் எப்படித் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தன என்று படித்து, ஏற்றுமதி மண்டலம் வேண்டும் என்று வாதாடினார். அதற்கு முன்பே, 1960களின் நடுவில், கைக்கடிகாரத்துக்குள் வைக்கும் பொடிக் கற்களைத் துளையிட்டு சுவிட்சர்லாந்துக்கு அனுப்பும் சிறு தொழிற்கூடம் ஒன்று தீவில் நடந்துகொண்டிருந்தது. எடை குறைவு, கப்பல் கூலி குறைவு, கைத்திறன் அதிகம். தூரத்தில் இருக்கும் தீவாலும் உற்பத்தி செய்து விற்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தில் நான் பெரிதும் மதிக்கும் கூறு ஒன்று உண்டு. மற்ற நாடுகள் துறைமுகத்துக்கு அருகே நிலத்தை வளைத்து, வேலி போட்டு, வாசலில் சுங்கக் காவலரை நிறுத்தி, உள்ளே சலுகை என்றன. மொரீஷியஸில் வேலி இல்லை. தீவில் எங்கே தொழிற்சாலை கட்டினாலும், செய்த சரக்கை ஏற்றுமதி செய்தால் போதும். மூலப்பொருளுக்கு இறக்குமதித் தீர்வை கிடையாது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு லாபவரி கிடையாது, லாபத்தை வெளியே கொண்டுபோகத் தடை கிடையாது. இதனால் தையல் கூடங்கள் கரும்பு விளையும் கிராமங்களுக்கே போய்ச் சேர்ந்தன. பெண்களை வெளியூருக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்கள்கூட, பக்கத்து ஊர்த் தொழிற்சாலைக்கு மகளை அனுப்பத் தயங்கவில்லை. மண்டலத்தில் வேலை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்களாக இருந்தது இப்படித்தான். உள்நாட்டுச் சந்தைக்குப் பொருள் செய்தவர்களுக்கு உயர்ந்த இறக்குமதித் தீர்வையின் பாதுகாப்பு அப்படியே நீடித்தது. கதவை ஒரேயடியாகத் திறக்காமல், ஏற்றுமதிக்கென்று தனியாக ஒரு கதவு வைத்தார்கள்.

இதற்குக் கொடுத்த விலையை மறைக்கக் கூடாது. ஏற்றுமதி மண்டலத்தில் கூடுதல் நேர வேலைக்கும் ஆட்குறைப்புக்கும் விதிகள் தளர்த்தப்பட்டன. பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலி ஆண்களுக்கானதைவிடக் குறைவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 1971இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பரவியபோது நெருக்கடி நிலை வந்தது. தொழிற்சங்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1972இல் நடக்க வேண்டிய பொதுத்தேர்தல் 1976வரை தள்ளிப்போனது. மொரீஷியஸை ஜனநாயக வளர்ச்சியின் முன்மாதிரியாகக் காட்டும் அறிக்கைகள் இந்த ஐந்தாண்டுகளை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. அந்தத் தையல் இயந்திரங்களின் முன் உட்கார்ந்திருந்த பெண்களின் மலிவான உழைப்பு இல்லாமல் முதல் சுற்று முதலீடு வந்திருக்காது என்பது உண்மை.

முதலாவது இரவல் சலுகை 1975இல் வந்தது. லோமே உடன்படிக்கையின் சர்க்கரை நெறிமுறைப்படி, ஐரோப்பியச் சமூகம் தன் முன்னாள் காலனிகளிடமிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் டன் சர்க்கரையை உறுதியான விலையில் வாங்க ஒப்புக்கொண்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 5 லட்சம் டன், மொரீஷியஸுக்கு. பெரும்பாலான ஆண்டுகளில் அந்த விலை உலகச் சந்தை விலையைவிட மிக அதிகம். இத்தகைய எதிர்பாராத வருமானம் பல நாடுகளைக் கெடுத்திருக்கிறது. அரண்மனைகள் எழும்பும், சுவிஸ் வங்கிக் கணக்குகள் பெருகும். மொரீஷியஸின் தோட்ட முதலாளிகள் அந்தப் பணத்தின் ஒரு பகுதியைத் தையல் ஆலைகளிலும் கடற்கரை விடுதிகளிலும் போட்டார்கள். ஏற்றுமதி மண்டலத்தின் மூலதனத்தில் ஏறத்தாழ பாதி உள்ளூர்ப் பணம்.

முதலீட்டு மேடைகளில் அதிகம் பேசப்படாத செய்தி இதுதான். வெளிநாட்டு முதலீட்டாளர் ஓர் ஊருக்கு வரும்போது, அந்த ஊர்ப் பணக்காரர் தம் பணத்தை எங்கே வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் பார்ப்பார். உள்ளூர்க்காரர் தன் பணத்தை லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், வரிச்சலுகை அட்டவணையை எத்தனை வண்ணத்தில் அச்சிட்டுக் கொடுத்தாலும் வந்தவர் கையெழுத்துப் போட மாட்டார். ராம்கூலம் தோட்டங்களைப் பறிக்காமல் விட்டது அப்போது வெறும் சமரசமாகத் தெரிந்திருக்கலாம். பத்தாண்டு கழித்து அது முதலீட்டுக் கொள்கையாக வேலை செய்தது.

1970களின் இறுதியில் சர்க்கரை விலை சரிய, எண்ணெய் விலை ஏற, அரசுச் செலவு கட்டுமீறிப் போக, தீவு பன்னாட்டு நிதியத்தின் வாசலில் நின்றது. 1979இலும் 1981இலும் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 1982 தேர்தலில் ஆளுங்கட்சி ஓரிடத்தில்கூட வெல்லவில்லை. முக்கியத் தீவின் 60 இடங்களையும் இடதுசாரிக் கூட்டணி வாரிக்கொண்டது. நாட்டுடைமையாக்கம் பேசி வளர்ந்த கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டதே, இனி ஆலைகள் மூடப்படும் என்று பலர் நினைத்திருப்பார்கள். அனிருத் ஜெகநாத் பிரதமரானார். ஓராண்டில் கூட்டணி உடைந்து மறு தேர்தலும் நடந்தது. ஏற்றுமதி மண்டலச் சட்டம் மட்டும் அசையவில்லை. ஆட்சி மாறினாலும் கொடுத்த சொல் மாறாது என்பதை முதலீட்டாளர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அதே நேரத்தில் வெளியே இரண்டு காற்றுகள் சாதகமாக வீசின. உலக ஆடை வர்த்தகத்தைப் பங்கீட்டு முறை ஆண்டது. ஹாங்காங்கின் பங்கு நிரம்பிவிட்டது, மொரீஷியஸின் பங்கு காலியாக இருந்தது. இந்தப் பங்கீட்டுக் காலத்தைத் திருப்பூரின் மூத்த ஏற்றுமதியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது, 1984இல் ஹாங்காங்கை 1997இல் சீனாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கிருந்த ஆடை முதலாளிகள் மாற்றிடம் தேடினார்கள். மொரீஷியஸில் சீன வம்சாவளிச் சமூகம் ஒன்று முன்பே வேரூன்றியிருந்தது. ஏற்றுமதி மண்டலத்தில் 1983இல் ஏறத்தாழ 25,000 பேர் வேலை செய்தார்கள். அந்தப் பத்தாண்டு முடியும்போது ஏறத்தாழ 90,000 பேர். ஐந்தில் ஒருவர் வேலையில்லாமல் இருந்த நாடு, வேலைக்கு ஆள் தேடும் நாடாயிற்று. செம்மறி ஆட்டுக் கம்பளியை உற்பத்தி செய்யாத அந்தத் தீவு, உலகின் முன்னணி கம்பளிப் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுள் ஒன்றானது.

கூலி உயர்ந்தபோது தாக்குப்பிடிக்கக் கல்வி உதவியது. 1975 மே மாதம் மாணவர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். 1977 முதல் இடைநிலைக் கல்வி இலவசமாயிற்று. நிலையான ராணுவம் வைத்துக்கொள்ளாத நாடு அது. ராணுவத்துக்குப் போகாத பணம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. அடுத்த பத்தாண்டில் தையல் கூடத்துக் கணக்கர்களும் மேற்பார்வையாளர்களும், அதற்கடுத்து வங்கி ஊழியர்களும் தணிக்கையாளர்களும் இந்தப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் தெரிந்தவர்கள் என்பது கூடுதல் வசதி.

நாடு தன் சண்டைகளை எப்படித் தீர்த்துக்கொள்கிறது என்பதையும் முதலீட்டாளர் பார்க்கிறார். மொரீஷியஸின் நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வழக்கறிஞர். இருபத்தைந்து ரூபாயில் ஒரு சீன வம்சாவளி வணிகர். இருநூறில் ஒரு முஸ்லிம் தலைவர். ஆயிரத்தில் விடுதலையை எதிர்த்த அதே டுவால். இரண்டாயிரத்தில் அவரைத் தோற்கடித்த ராம்கூலம். நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதற்கடுத்து இந்தி என்பது வழக்கம். 1998இல் வெளியான புதிய நோட்டுகளில் இந்தி மேலே ஏறித் தமிழ் கீழே இறங்கியது. தமிழர்கள் எதிர்த்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சாயின. மக்கள்தொகையில் சிறு பங்கே உள்ள ஒரு சமூகத்தின் மனக்குறைக்காக அச்சடித்த பணத்தையே மாற்றிய அரசு அது. எல்லாம் இவ்வளவு சுமுகமாக முடிந்ததில்லை. 1999 பிப்ரவரியில் கிரியோல் பாடகர் காயா காவல் நிலையத்தில் இறந்தபோது தீவு பல நாட்கள் எரிந்தது. ஆனாலும் சச்சரவுகள் நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வந்து சேர்ந்தன. தேர்தலில் போதிய இடம் பெறாத சமூகத்தினருக்கு 8 கூடுதல் இடங்கள்வரை ஒதுக்கும் முறை அங்கே உண்டு. இறுதி மேல்முறையீடு இன்றும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகிறது. வழக்கு வந்தால் அமைச்சரின் விருப்பப்படி தீர்ப்பு வராது என்ற நம்பிக்கைக்கு எந்த வரிச்சலுகையும் ஈடாகாது.

இனி நம்மைத் தொடும் பகுதி. 1982இல் இந்தியாவும் மொரீஷியஸும் இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1983இல் அது நடைமுறைக்கு வந்தது. பங்கு விற்ற லாபத்துக்கு, விற்றவர் குடியிருக்கும் நாடே வரி போடலாம் என்றது ஒப்பந்தம். மொரீஷியஸில் அத்தகைய வரியே இல்லை. இந்தியா 1991இல் சந்தையைத் திறந்து, அடுத்த ஆண்டு வெளிநாட்டு நிதி நிறுவனங்களை உள்ளே விட்டபோது, மொரீஷியஸும் அதே 1992இல் கடல்கடந்த நிறுவனங்களுக்கான சட்டத்தை இயற்றியது. அமெரிக்க நிதி நிறுவனம் போர்ட் லூயிஸில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்யும். மொரீஷியஸ் வரித்துறையிடம் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கும். அந்தக் கம்பெனியின் பெயரில் மும்பையில் பங்கு வாங்கி விற்கும். இந்தியாவிலும் வரி இல்லை, மொரீஷியஸிலும் வரி இல்லை. அந்தச் சான்றிதழே போதும் என்று இந்திய வரி வாரியம் 2000இல் சுற்றறிக்கை விட்டது. 2003இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. விளைவு, 2000க்குப் பிறகான பதினாறு ஆண்டுகளில் இந்தியாவுக்குள் வந்த நேரடி அந்நிய முதலீட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தச் சிறு தீவின் வழியாக வந்ததாகப் பதிவாயிற்று.

இதில் எவ்வளவு உண்மையான அந்நிய முதலீடு, எவ்வளவு இங்கிருந்து போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பிய பணம் என்ற விவாதம் இங்கே நீண்டகாலம் நடந்தது. என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. இந்தியக் கருவூலத்துக்கு வர வேண்டிய வரியை வராமல் செய்து கிடைத்த வருமானம் அது. அதைத் தொழில் வளர்ச்சி என்று பாராட்ட எனக்கு மனம் வராது. ஆப்பிரிக்க நாடுகளுடனும் இதே மாதிரி ஒப்பந்தங்களை மொரீஷியஸ் செய்துகொண்டது. இந்தியாவைவிடப் பன்மடங்கு ஏழை நாடுகள் அவை. செனகலும் ஜாம்பியாவும் தங்கள் ஒப்பந்தங்களை ரத்து செய்தன. அவர்கள் செய்தது நியாயம். அதேவேளை, மொரீஷியஸ் அந்தப் பணத்தை வெறும் பதிவுக் கட்டணமாக மட்டும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்ளூர் இயக்குநர், உள்ளூர் வங்கிக் கணக்கு, உள்ளூர்த் தணிக்கை என்று விதித்து, சட்டம், கணக்கு, வங்கித் துறைகளில் படித்த இளைஞர்களுக்கு வேலை உண்டாக்கியது. கரும்பு விளைந்த எபென் பகுதியில் இந்தியக் கடனுதவியோடு சைபர் நகரம் எழுந்தது. 2016 மே மாதம் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் முதல் வாங்கும் பங்குகளுக்கு இந்தியா வரி போடத் தொடங்கியது. சிங்கப்பூர் முந்திக்கொண்டு போக, மொரீஷியஸ் பின்தங்கியது. மூன்றாவது இரவலும் முடிந்தது.

முதல் இரண்டும் அதற்கு முன்பே முடிந்திருந்தன. ஆடைப் பங்கீட்டு முறை 2005 ஜனவரி முதல் நாளோடு ஒழிந்தது. ஐரோப்பா சர்க்கரை விலையை 2006 தொடங்கி நான்கு ஆண்டுகளில் 36 விழுக்காடு குறைத்தது. 2009இல் நெறிமுறையே காலாவதியானது. எண்ணெய் விலையும் அப்போது ஏறியது. மூன்று அடியும் ஒன்றாக விழுந்த நேரத்தில் நிதியமைச்சராக இருந்தவர் தமிழ் வம்சாவளியினரான ராமா சித்தானன். 2006 பட்ஜெட்டில் பல அடுக்கு வரிகளையும் விலக்குகளையும் எடுத்துவிட்டு, தனிநபருக்கும் நிறுவனத்துக்கும் 15 விழுக்காடு என்ற ஒரே வரி விகிதத்தை நோக்கி நாட்டைக் கொண்டுசென்றார். அதே ஆண்டு வந்த தொழில் எளிமைச் சட்டம் அதைவிட முக்கியமானது. அதுவரை சிறு கடை திறக்கவும் ஒவ்வோர் அலுவலகமாக அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். புதிய சட்டம் அதைத் தலைகீழாக்கியது. விதிகள் இவை என்று முன்கூட்டியே வெளியிடப்படும். அவற்றைப் பின்பற்றுவதாக ஒப்புக்கொண்டு பதிவு செய்தால் மூன்று வேலை நாட்களில் தொழிலைத் தொடங்கிவிடலாம். அதிகாரிகள் பிறகு வந்து சோதிப்பார்கள். வெளிநாட்டு நிபுணருக்கு வேலை அனுமதியும் குடியிருப்பு அனுமதியும் ஒரே காகிதமாயின. உலக வங்கியின் 2020 தொழில் எளிமைப் பட்டியலில் மொரீஷியஸ் 13ஆம் இடம், ஆப்பிரிக்காவில் முதலிடம். அந்தப் பட்டியலையே தரவுக் குளறுபடிகளால் உலக வங்கி பின்னர் நிறுத்திவிட்டது. ஆகவே எண்ணுக்கு நான் அதிக மதிப்பு தரவில்லை. சிறு தொழில்முனைவோரின் காத்திருப்பு குறைந்தது என்பதே எனக்குப் பெரிது. பெரிய முதலீட்டாளருக்கு அமைச்சரே வாசலில் நிற்பார். தாமதத்தால் சாவது சிறியவர்தான்.

சர்க்கரையை அவர்கள் கைகழுவிய விதமும் கவனிக்கத்தக்கது. 2000களின் நடுவில் 11 ஆலைகள் இருந்தன, இன்று 3. வேலை இழந்த தோட்டத் தொழிலாளிகளுக்குப் பணத்தோடு வீட்டுமனையும் கொடுத்து விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். எஞ்சிய ஆலைகள் மூட்டைச் சர்க்கரையை விட்டு, விலை கூடிய தனிவகைச் சர்க்கரைக்கு மாறின; கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுத்துத் தேசிய மின்கட்டமைப்புக்கு விற்றன. அழியும் தொழிலைக் கட்டிப்பிடித்து அழாமல், அதன் தொழிலாளியை வெறுங்கையோடும் அனுப்பாமல், ஒரு நாடு மாற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நலிந்த ஆலைகளைப் பற்றி விவாதிக்கும் எந்த நாடும் அந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தைப் படிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? அடுத்த தொழில் வரவில்லை. நிலம் விற்பனைக்கு வந்தது. 2002இல் தொடங்கிய ஒருங்கிணைந்த விடுதிக் குடியிருப்புத் திட்டத்தில், குறைந்தது 5 லட்சம் டாலருக்கு வில்லா வாங்கும் வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு உரிமை கிடைத்தது. பின்னர் அந்த வரம்பு 3,75,000 டாலராகக் குறைக்கப்பட்டது. 2015இல் ஸ்மார்ட் சிட்டி திட்டங்கள் வந்தன. விலை விழுந்த கரும்பு நிலத்தை வைத்திருந்த பெரிய தோட்ட நிறுவனங்களுக்கு இது வரமாக அமைந்தது. அண்மை ஆண்டுகளில் மொரீஷியஸுக்கு வரும் நேரடி அந்நிய முதலீட்டில் பெரும்பங்கு மனைவணிகத்துக்குத்தான் போகிறது. கட்டும் வரை கொத்தனாருக்கு வேலை. கட்டி முடிந்ததும் தோட்டக்காரருக்கும் காவலாளிக்கும் வேலை. தையல் கூடம் கணக்கரையும் மேற்பார்வையாளரையும் பின்னாளில் முதலாளியையும் உருவாக்கியது. வில்லா யாரையும் உருவாக்குவதில்லை. நிலத்தின் விலையை மட்டும் உள்ளூர் இளைஞரின் கைக்கெட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. ஒருமுறை விற்ற நிலம் திரும்பியும் வராது.

2020 ஒரே ஆண்டில் எல்லாம் வந்து குவிந்தது. பிப்ரவரியில் பணமோசடித் தடுப்பில் குறைபாடு என்று பன்னாட்டு நிதிக் கண்காணிப்புக் குழு மொரீஷியஸைச் சாம்பல் பட்டியலில் சேர்த்தது. வெளியே வர 2021 அக்டோபர் ஆயிற்று. 2020 ஜூலையில் உலக வங்கி மொரீஷியஸை உயர்வருமான நாடு என்று அறிவித்தது. அதே மாதம் வகாஷியோ என்ற கப்பல் பவளப்பாறையில் மோதி, ஆகஸ்டில் எண்ணெய் கசிந்து தென்கிழக்குக் கடற்கரையைக் கறுப்பாக்கியது. 2019இல் 13.8 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த தீவு, கொரோனாவால் எல்லையை மூடியது. அந்த ஆண்டு பொருளாதாரம் ஏறத்தாழ 15 விழுக்காடு சுருங்கியது. மறு ஆண்டே உயர்வருமானப் பட்டியலிலிருந்து இறங்கியது. அரசின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 80 விழுக்காட்டைத் தாண்டியது. 2024 நவம்பர் தேர்தலில் மீண்டும் ஒருமுறை எதிரணி 60 இடங்களை வென்றது. புதிய அரசு 2025 பட்ஜெட்டில் முதியோர் ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்துவதாக அறிவிக்க, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். சர்க்கரை வரிப்பணம் தாங்கிய அந்த ஓய்வூதியம்தான் விடுதலைத் தலைமுறையின் சமரசத்துக்கு அடையாளமாக இருந்தது.

ஆடைத் தொழிற்சாலைகள் இன்னும் ஓடுகின்றன. ஆனால் இயந்திரங்களின் முன்னே பெருமளவில் உட்கார்ந்திருப்பவர்கள் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். தொழிற்சாலை விடுதிகளில் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். படித்த மொரீஷியஸ் இளைஞர்களோ பிரான்சுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். தன் பிள்ளைகள் செய்ய விரும்பும் வேலையை உண்டாக்காத முதலீட்டை எத்தனை கோடி என்று எண்ணிப் பயன் இல்லை.

மொரீஷியஸ் இதிலிருந்து மீளும் என்றே நம்புகிறேன். புயல் அடித்த 1960இலும் கஜானா காலியான 1979இலும் மூன்று அடி விழுந்த 2005இலும் மீண்ட நாடு அது. அன்று லிம் ஃபாட் போன்ற ஓர் ஆசிரியரின் பேச்சை ஆட்சியாளர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். இன்று செய்ய வேண்டிய முதல் வேலை சிறியது, செலவும் இல்லாதது. போர்ட் லூயிஸ் ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கும் முதலீட்டுத் தொகையில் நிலத்துக்கும் வில்லாவுக்கும் போனதைக் கழித்துவிட்டு, மீதியையே முதலீடு என்று அறிவிக்க வேண்டும். அதனோடு அந்த மீதியால் எத்தனை மொரீஷியஸ்காரர்களுக்கு என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்பதையும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். முதலீட்டைக் கோடிக் கணக்கில் அறிவித்துக்கொள்ளும் மற்ற அரசுகளிடமும் இதே கணக்கை மக்கள் கேட்க வேண்டும்.